மீன் சாப்பிடாத அண்ணி

அந்தக் கோடையில் நடந்தவை, நடந்த வரிசையில்:

1. தை மாதக் கடைசியில் சாப்பாட்டுக் கடைக்காரர் இறந்தார். கடை அவர் மனைவி கைக்கு வந்தது. அவரை எல்லோரும் அண்ணி என்று கூப்பிடுவார்கள்.

2. பங்குனியில் வாய்க்கால்கள் வற்றின. குளத்து மீன் வரத்து நின்றது.

3. அண்ணி கடல் மீனுக்கு மாறினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் நானும் முத்துப்பேட்டைக்கு பஸ் ஏறினோம்.

4. போகும் வழியில் ஓர் ஊரில், வயல்களை இறால் பண்ணைக்கு விற்க ஏற்பாடு நடந்தது. அது அண்ணி பிறந்த ஊர். விற்க நினைத்தவர்கள் அவருடன் பிறந்தவர்கள்.

5. அவர்கள் அண்ணியிடம் ஒரு கையெழுத்துக் கேட்டார்கள்.

6. அண்ணி போட்டார்.

ஆறாவதைப் பற்றி மன்னார்குடியில் இரண்டு அபிப்பிராயங்கள் இருந்தன. என்னுடையது இன்னும் முடிவாகவில்லை.

நான் மன்னார்குடிக்குப் போனது மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்து. விவசாயிகள் மஞ்சள் பையில் கொண்டுவரும் மண்ணைக் காயவைத்து, சலித்து, கரைத்து, அதில் உப்பு எவ்வளவு என்று அளந்து சொல்வது என் வேலை. எங்கள் வீடு திருவிடைமருதூர்ப் பக்கம். அப்பா அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்து என்னைப் பாலிடெக்னிக்கில் படிக்கவைத்தார். வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த அறை அந்தக் கடையின் மாடியில் இருந்தது. கீழிருந்து ஏறிவரும் புளிக்குழம்பு வாசனையைச் சேர்த்துத்தான் வாடகை என்று கடைக்காரர் சொன்னார்.

கடைக்குப் பெயர் இல்லை. பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம், சிமெண்டுத் தரை, நீள பெஞ்சுகள், வாசலில் ‘மீன் சாப்பாடு தயார்’ என்று ஒரு பலகை. கடைக்காரர் முன்பக்கம் இலை போட்டுக் கல்லாவையும் பார்த்துக்கொள்வார். அண்ணி உள்ளே அடுப்படியில் இருப்பார். மன்னார்குடிக்காரர்கள் அந்தக் கடை விரால் குழம்புக்காகப் பஸ்ஸைத் தவற விடுவார்கள். அந்தக் குழம்பை வைத்தவர் ஒருநாளும் அதை நாக்கில் வைத்ததில்லை.

அண்ணி சைவ வீட்டுப் பெண். பண்ணை வீடு. கடைக்காரர் அந்த வீட்டு வயலில் வேலை பார்த்தவர்கள் தெருவில் பிறந்தவர். இதற்கு மேல் அவர்கள் கதையை யாரும் எனக்கு முழுதாகச் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. துண்டு துண்டாகக் காதில் விழுந்ததை வைத்துப் பார்த்தால், கட்சி மாநாட்டுப் பந்தலில், இரண்டு பேச்சாளர்களுக்கு நடுவில், மாலை மாற்றிக் கல்யாணம் நடந்தது. ஐயர் இல்லை, தாலி இல்லை. அண்ணி வீட்டில் யாரும் வரவில்லை. அவருடைய மூத்த சகோதரர் அதற்குப் பிறகு யார் விசாரித்தாலும் ஒரே பதில்தான் சொல்வாராம்: “எங்க வீட்டுப் பொண்ணுக்குக் கல்யாணமே ஆகல. மேடையில மைக்குக்குப் பக்கத்துல நின்னா எல்லாருக்கும்தான் மாலை போடுவாங்க.”

அண்ணி சமைப்பது மூக்கால். மூடியை லேசாக நகர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிறகு, “ம், சேர்ந்துருச்சு” என்பார். அதுதான் இறக்குவதற்கான நேரம். உப்பை மட்டும் மூக்கால் அறிய முடியாது. அதற்குக் கடைக்காரரின் நாக்கு இருந்தது. கரண்டியில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு அண்ணி அடுப்படி வாசலுக்கு வருவார். கடைக்காரர் கல்லாவிலிருந்து உள்ளங்கையை நீட்டுவார். நக்கிவிட்டுத் தலையை ஒருபக்கம் ஆட்டினால் சரி, இரண்டு பக்கம் ஆட்டினால் குறைவு. இத்தனை வருடத்தில் உப்பு அதிகமாகிப்போனது உண்டா என்று நான் ஒருமுறை கேட்டேன். “ஆனா மட்டும் சொல்லிருவாரா” என்றார் அண்ணி.

மதியக் கூட்டம் ஓய்ந்தபிறகு இருவரும் சாப்பிடுவார்கள். அவர் முன் பெஞ்சில், மீனோடு. அண்ணி பின்கட்டில், தனியாக வைத்த சின்னப் பாத்திரத்திலிருந்து தயிர்சாதமும் மோர்மிளகாயும். நடுவில் கதவு திறந்திருக்கும். கதவு வழியாகப் பேசிக்கொண்டே சாப்பிடுவார்கள். ஒரே இடத்தில் உட்கார்ந்து அவர்கள் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

இதற்கு ஊரில் காரணம் சொல்லாதவர்கள் இல்லை. பிறந்த வீட்டு ரத்தம் விடாது என்றார்கள் சிலர். ஏதோ வேண்டுதல் என்றார்கள். கடைக்காரரின் அம்மா சாகும்வரை மனம் ஆறவில்லையாம். “என் வீட்டுச் சட்டியத் தொடறா, வாயில வைக்க மாட்டேங்கறா. நாங்க தொட்டது ஆவாதுன்னா எதுக்கு வந்தா?” என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் கேட்பாராம். அந்தக் கேள்வி எனக்கும் இருந்தது. நானும் அந்த மாதிரித் தெருவிலிருந்து வந்தவள். எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்காமல் போனவர்களை எங்களுக்கு நினைவிருக்கும். ஒருநாள் கேட்டே விட்டேன்.

“ஒரு தடவகூட சாப்பிட்டுப் பாக்கணும்னு தோணலயா அண்ணி?”

“நீ பாகற்காய் சாப்பிடுவியா?”

“மாட்டேன்.”

“நான் எப்பவாச்சும் உன்ன ஏன்னு கேட்டனா?”

இன்னொன்றும் உண்டு. அவர் கணவர் பெயரைச் சொல்லமாட்டார். ‘அவரு’தான். ரேஷன் கடையில் கணவர் பெயர் கேட்டால் பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பார், அவர்கள் சொல்லுவார்கள். கட்சிக்காரர்கள் சாப்பிட வரும்போது கிண்டல் செய்வார்கள்: “மாநாட்டுல கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க நீங்க. பேரச் சொன்னா ஆயுசு கொறையும்னு இன்னும் நம்புறீங்களா அண்ணி?” அண்ணி ரசம் ஊற்றிக்கொண்டே, “உங்க தலைவர் பேர நீங்க சொல்லுவீங்களா?” என்று கேட்பார். கட்சிக்காரர்கள் தலைவர் பெயரைச் சொல்வதில்லை. அதோடு பேச்சு முடிந்துவிடும்.

கடைக்காரர் இறந்தது மார்வலியில், ஒரு மதியம். காரியம் முடிந்து கடையைத் திறந்த அன்று அண்ணி கரண்டியோடு அடுப்படி வாசலுக்கு வந்தார். கல்லாவில் யாரும் இல்லை. மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார்.

“கொஞ்சம் கைய நீட்டு.”

நான் உள்ளங்கையை நீட்டினேன். “உப்பு கொஞ்சம் தூக்கல்” என்றேன். அண்ணி என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு உள்ளே போனார். அப்படி யாரும் சொல்லிக் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அன்றிலிருந்து காலையில் கூடத்துக்குக் கிளம்புவதற்குள் குழம்பு வைத்துவிடுவார். நான் உப்புப் பார்த்துவிட்டுப் போவேன்.

குளத்து மீன் கடைக்கு வந்துகொண்டிருந்தது கடைக்காரரின் முகத்துக்காக. ஊர் ஊராக சைக்கிளில் போவார். குளம் வடித்து மீன் பிடிக்கிறவர்கள் எல்லோரும் மாமன், மச்சான், பங்காளி. விராலும் கெண்டையும் ஈரச் சாக்கில் உயிரோடு வரும். அவர் போனபின் அண்ணி ஆள் அனுப்பிப் பார்த்தார். “இந்த வருசம் ஏலம் போயிருச்சும்மா” என்று ஒரு ஊரில் சொன்னார்கள். இன்னொரு ஊரில் எதுவும் சொல்லவில்லை, கொடுக்கவும் இல்லை. அண்ணி சாப்பிடாத மீனை அவருக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருக்கலாம். பங்குனியில் வாய்க்கால் காய்ந்து வெடித்ததும், கேட்பதற்கும் ஒன்றுமில்லாமல் போனது.

பஸ்ஸில் வந்த ஒரு கூடை கடல் மீனை வாங்கி அண்ணி முதலில் செய்த குழம்பு நன்றாக இல்லை. குளத்து மீனுக்குச் சேற்று வாடை உண்டு. கல்லுப்பும் மஞ்சளும் புளித்தண்ணியும் போட்டு உரசி உரசிக் கழுவ வேண்டும். அந்தக் கை வழக்கத்தில் சங்கராவையும் அப்படியே உரசிவிட்டார். சதை பிரிந்து, குழம்பில் முள்தான் மிதந்தது. சாப்பிட்டவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. துக்க வீட்டுச் சாப்பாடு போல அமைதியாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

“பேசாம திட்டிட்டுப் போயிருக்கலாம்” என்றார் அண்ணி.

அடுத்த ஞாயிறு நாங்கள் முத்துப்பேட்டைக்குப் போனோம்.

அங்கே மீன் ஏலக் கடை வைத்திருந்தவர் ஜமீலா. கணவர் நாலு வருடமாக சவூதியில் என்று பஸ்ஸிலேயே சொல்லியிருந்தார்கள். தம்பியைத் துணைக்கு வைத்துக்கொண்டு கடையை அவர்தான் நடத்தினார். முக்காட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு, தராசுக்கும் ஆட்களுக்கும் நடுவில் நின்று ஒரே நேரத்தில் மூன்று பேரைத் திட்டுவார். அண்ணி ஒரு மடவையைக் கையில் எடுத்து முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

“என்னக்கா, பூவா அது?” என்றார் ஜமீலா.

“வாசனையே வரல.”

“கடல் மீனுக்கு வாசனை இருக்கக் கூடாது. வந்துச்சுன்னா பழசு.”

அண்ணி மீனைக் கீழே வைத்தார். “வாசனையே இல்லன்னா எனக்கு எப்படிம்மா தெரியும்?”

“வாயில போட்டா தெரியுது.”

“இவங்க சாப்பிட மாட்டாங்க” என்றேன் நான்.

ஜமீலா தராசை விட்டுவிட்டு வந்தார். “மீனு திங்காமலா மீன் கடை நடத்துறீங்க? அது எப்படிக்கா முடியும்?”

“நீங்க வீட்டுக்காரரப் பாக்காமலே நாலு வருசமாக் குடும்பம் நடத்தல?”

ஜமீலா சிரித்ததில் முக்காடு நழுவிவிட்டது. அன்றைக்கு எங்களுக்கு வீட்டுக்குள்ளிருந்து தேநீர் வந்தது. அண்ணி சிரிக்கவில்லை. பக்கத்தில் கடைக்காரர் நிற்பது போல வலதுபக்கம் திரும்பி, பிறகு என் பக்கம் திரும்பினார். அந்த வேடிக்கையைச் சொல்ல வேண்டிய ஆள் நான் இல்லை என்று தெரிந்தது.

சித்திரை முழுக்க எங்கள் ஞாயிறுகள் இப்படியே போயின. முத்துப்பேட்டை, சில வாரம் அதிராம்பட்டினம், ஒருமுறை கோடியக்கரைவரைக்கும். பாறை, கிழங்கான், கணவாய், நண்டு, இறால். ஒவ்வொன்றையும் அண்ணி வாங்கிவந்து செய்வார், நான் சாப்பிட்டுச் சொல்வேன். எனக்குத் தெரிந்த மொழி அளவுகளின் மொழி. “புளி கால்பங்கு குறைக்கலாம். சதை இன்னும் ரெண்டு நிமிஷம் முன்னாடியே வெந்துருச்சு.” அண்ணிக்கு அது போதவில்லை. “நல்லாருக்கா, இல்லயா? அதச் சொல்லு” என்பார். மீனின் வாசனையை விட்டுவிட்டு வெந்தயமும் புளியும் மாறும் வாசனையை வைத்துக் கணக்குப் போடப் பழகிக்கொண்டார். சித்திரைக் கடைசியில் பஸ் நிலையத்து ஆட்கள் திரும்ப வர ஆரம்பித்தார்கள். நண்டு ரசத்துக்கென்றே பட்டுக்கோட்டை பஸ் டிரைவர் ஒருவர் வந்தார்.

பஸ்ஸில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். நம் பஸ்களில் பெண்கள் இருக்கை இடதுபக்கம். அண்ணி ஏறியதும் வலதுபக்கம் போய் உட்காருவார். கண்டக்டர் வந்து, “லேடீஸ் சீட்டு அந்தப் பக்கம்மா” என்பார். “காலை வெயில் அடிக்குது தம்பி” என்பார் அண்ணி. தெற்கே போகும் பஸ்ஸில் காலையில் இடதுபக்கம்தான் வெயில், சரி. ஆனால் மதியத்துக்கு மேல் திரும்பும்போதும் வெயில் இடதுபக்கம்தான். அப்போது அண்ணி இடதுபக்கம் உட்கார்ந்து முகத்தில் வெயிலை வாங்கிக்கொண்டே வருவார். வெயில் காரணமில்லை என்று ஆனபிறகு, எதைத் தவிர்க்கிறார் என்று வெளியே பார்த்தேன். சாலைக்குக் கிழக்கே ஒரு பிள்ளையார் கோயில், ஒரு புளியமரம், உள்ளே போகும் ஒரு மண் ரோடு. போகும்போது அது இடதுபக்கம் வரும். வரும்போது வலதுபக்கம்.

“உங்க ஊரா அண்ணி?”

“அவங்க ஊரு.”

வைகாசியில் ஒரு ஞாயிறு அந்தப் பிள்ளையார் கோயில் முன்னால் பஸ் நின்றுவிட்டது. சாலையில் ஆண்களும் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். மறியல். பக்கத்து ஊரில் முந்தைய வருடமே இறால் பண்ணை வந்துவிட்டிருந்தது. உப்பாற்றிலிருந்து பம்பு வைத்துத் தண்ணீர் ஏற்றி வயலில் நிறுத்தியிருந்தார்கள். அதை ஒட்டிய வயல்களின் மண் எங்கள் கூடத்துக்கு வந்திருந்தது. காய்ந்தபோது அதன் மேல் வெள்ளையாகப் பூத்தது. அதை அளக்க வேண்டிய அவசியமே இல்லை. இப்போது இந்த ஊரிலும் பண்ணைக்கு நிலம் கேட்கிறார்கள், பெரிய பங்கு அண்ணி வீட்டுப் பூமி. அது போனால் நடவும் போச்சு, அறுப்பும் போச்சு, குடிதண்ணீரும் போச்சு.

உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு பெண் எழுந்து வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தார். அஞ்சம்மா. கடைக்காரரின் சித்தப்பா மகள். காரியத்தன்று பார்த்திருக்கிறேன்.

“அண்ணி, எறங்கி வாங்க.”

அண்ணி இறங்கினார். அந்த மண்ணில் அவர் கால் வைத்தது எத்தனை வருடத்துக்குப் பிறகு என்று எனக்குத் தெரியாது. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். பிறகு நினைத்துக்கொண்டவர்போல மறுபடி மாட்டிக்கொண்டார்.

“ஒங்க பெரியண்ணன் ஒங்ககிட்ட வருவாரு” என்றார் அஞ்சம்மா. “கையெழுத்துக் கேப்பாரு. கல்யாணம் ஆயிப் போனவ, பங்கு இல்லன்னு எழுதிக் கேப்பாரு. அது இல்லாம கம்பெனிக்காரன் வாங்க மாட்டானாம். போட்றாதீங்க.”

“போடலன்னா?”

“வக்கீலக் கேட்டுட்டோம். கல்யாணம் ஆகாத பொண்ணுன்னா ஒங்களுக்கும் ஆம்பளைங்க மாரி சரிபங்கு. நீங்க விக்க மாட்டேன்னா விக்க முடியாது.” அஞ்சம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்ததுபோலவே அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார். “கல்யாணமே ஆகலன்னு சொல்லிருங்க அண்ணி. பெரியவரே இத்தன வருசமா அப்பிடித்தானே சொல்லிக்கிட்டிருந்தாரு. நாங்க எல்லாரும் ஆமான்னு சொல்றோம்.”

அண்ணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீ ஆமான்னு சொல்லுவியா, அஞ்சம்மா?”

“வயித்துக்காக சொல்லுவேன். அண்ணன் இருந்தா அதுவும் இதத்தான் சொல்லும்.”

அது உண்மையாக இருக்கலாம். கடைக்காரர் கூலிக்காரர்களுக்கு நிலம் கேட்டுப் போராடிச் சிறைக்குப் போனவர்.

அஞ்சம்மா கேட்ட வக்கீல் எங்கள் கடையில்தான் சாப்பிடுவார். மறுநாள் மதியம் அண்ணி அவர் இலைக்கு முன்னால் நின்று விசாரித்தார். அவர் பாறை மீன் முள்ளை எடுத்துக்கொண்டே விளக்கினார்.

“பூர்வீகச் சொத்துல பொண்ணுக்கும் சரிபங்குன்னு நம்ம கவர்மெண்ட்டு சட்டம் கொண்டாந்தாச்சு. ஆனா அதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆனவங்களுக்குக் கிடையாது. ஒங்க கல்யாணத்தப் பதிவு பண்ணலை. தாலி இல்லை. மேடையில நின்ன தலைவரும் இப்ப இல்லை. பிள்ளைகுட்டியும் இல்லை. ஆகலைன்னு நீங்க சொன்னா, ஆச்சுன்னு நிரூபிக்கறது அவங்க பாடு.”

“கையெழுத்துப் போடாம சும்மா இருந்துட்டா?”

“கோர்ட்டுக்குப் போவாங்க. அங்க ஒங்களக் கூண்டுல ஏத்திக் கேப்பாங்கம்மா, ஆச்சா ஆகலையான்னு. அதுக்கு ஒரு பதில் சொல்லித்தானே ஆகணும்?” அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. “இன்னொண்ணு. நீங்க மீன் சாப்பிடறதில்ல, தனியாச் சமைச்சுத் தனியாத்தான் சாப்பிடறீங்க. ஊருக்கே தெரியும். ஒரு வீட்ல புருஷன் பொண்டாட்டியா இருக்கறவங்க இப்படியா இருப்பாங்க? கடையில வேலை பாத்த அம்மான்னு சொல்லிட்டா, கேஸு நிக்கும்.”

அண்ணி கையிலிருந்த குழம்பு வாளியைக் கீழே வைத்தார்.

“அதையும் சொல்லுவீங்களா?”

“சொன்னாத்தானம்மா நிக்கும்.”

அந்த வாரம் அண்ணி என்னிடம் அதிகம் பேசவில்லை. நான் பேசினேன். வெள்ளை பூத்த மண்ணைப் பற்றிச் சொன்னேன். உப்பு ஏறிய வயலில் நாற்று எப்படி நுனியிலிருந்து கருகும் என்று சொன்னேன். நிலம் மிஞ்சினால் யார் யார் பிழைப்பார்கள் என்று வரிசையாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, “தெரியும்” என்றார்.

அடுத்த ஞாயிறு முத்துப்பேட்டை பஸ்ஸில் அவர் இடதுபக்கம் உட்கார்ந்தார். பெண்கள் இருக்கையில், வெயிலில். பிள்ளையார் கோயில் வந்தபோது கண்ணை எடுக்காமல் பார்த்தார். கோயிலுக்குப் பின்னால் நீளமாக வயல், அறுப்பு முடிந்து காய்ந்த தாள், அதில் மேயும் வாத்துகள். அது கடந்து போனதும் சொன்னார்:

“அந்த வரப்புலதான் அவரு எனக்கு முதல்ல நுங்கு வெட்டிக் குடுத்தாரு. மீனு குடுத்திருந்தா வாங்கியிருக்க மாட்டேன்.”

கொஞ்ச நேரம் கழித்து, “ஆகலன்னு சொல்லிட்டா, அவரு போட்ட இலைக்குப் பின்னாடி இத்தன வருசம் நின்னது யாரு?” என்றார். பதில் எதிர்பார்த்துக் கேட்ட மாதிரி இருந்தது.

மூத்த சகோதரரை அண்ணியே வரச்சொன்னார். வீட்டுக்கு இல்லை, கடைக்கு. இரவு, விடியற்காலை என்றெல்லாம் சகோதரர் சொல்லியனுப்பிப் பார்த்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் வர வேண்டும் என்றார் அண்ணி. அன்று நான் விடுப்பு எடுத்திருந்தேன்.

அவர் வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, அண்ணியின் அதே மூக்கு. வாசலில் நின்று மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“வெளியவே வச்சுக்கலாமே” என்றார்.

“உள்ள வாங்கண்ணே.”

பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். கடை நிறைய ஆட்கள். வக்கீலும் இருந்தார். அவர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. சகோதரர் பத்திரத்தை எடுத்து நீட்டினார்.

“படிங்க” என்றார் அண்ணி.

“எல்லாம் சரியா எழுதியிருக்கு. நீ போட்டாப் போதும்.”

“எனக்கு எழுத்துத் தெரியல. கண்ணு மங்கல். படிங்க.”

தினமும் பேப்பரை ஓரத்து விளம்பரம்வரைக்கும் படிப்பவர் அண்ணி.

சகோதரர் படித்தார். ஊர்ப் பெயர், அப்பா பெயர், நிலத்தின் நான்கு எல்லைகள். இந்த வருடத்தில், இந்த ஊரில், இன்னாருடைய மகனாகிய இன்னாரை இரு வீட்டார் அறிய மணந்துகொண்டு, என்ற இடம் வந்தபோது குரல் உள்ளே போய்விட்டது.

“அந்த எடம் கேக்கல” என்றார் அண்ணி.

அவர் மறுபடி படித்தார். கடைக்காரர் பெயரை, அவர் அப்பா பெயரோடு, எல்லோருக்கும் கேட்கும்படி. அதே வாயால்தான் அத்தனை வருடமும் ஆகவில்லை என்று சொல்லியிருந்தார். கை கழுவும் இடத்தில் யாரோ குழாயை மூடினார்கள்.

அண்ணி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

“சாப்பிட்டுட்டுப் போங்கண்ணே. தயிர்சாதம் இருக்கு. என் பாத்திரத்துல உள்ளது.”

“இன்னொரு நாள் வர்றேம்மா.”

அவர் போனதும் வக்கீல் இலையை மடித்தார். “அந்தப் பூமியில பாதி ஊரு பொழச்சிருக்கும்” என்றார், யாரையும் பார்க்காமல். பெஞ்சில் இருந்த பழைய கட்சிக்காரர் ஒருவர், “பொம்பளைன்னா இவதான்யா” என்றார். மேலே சொன்ன இரண்டு அபிப்பிராயங்கள் அவைதான். அண்ணி இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கூட்டம் ஓய்ந்ததும் பின்கட்டில் போய்ச் சின்னப் பாத்திரத்தைத் திறந்தார். நான் முன் பெஞ்சில் கணவாயோடு உட்கார்ந்திருந்தேன். நடுக்கதவு திறந்திருந்தது. இருவரும் பேசவில்லை.

அடுத்த ஞாயிறு பஸ் பிள்ளையார் கோயிலில் நின்றபோது அஞ்சம்மா அங்கே இருந்தார். முத்துப்பேட்டைச் சந்தைக்குப் போக நின்றவர், ஜன்னலில் எங்களைப் பார்த்ததும் ஏறாமல் நின்றுவிட்டார். அண்ணி கையைத் தூக்கினார். அஞ்சம்மா புளியமரத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு நாங்கள் போன எல்லா ஞாயிறுகளிலும், போகும்போது அண்ணி பழையபடி வெயிலைப் பற்றிக் கண்டக்டரிடம் பேசி இடம் மாற்றிக்கொண்டார்.

ஆடியில் எனக்குத் தஞ்சாவூருக்கு மாற்றல் வந்தது.

இப்போதைய நிலை: அந்த ஊரில் இறால் பண்ணை சில வருடங்கள் நடந்தது. பிறகு இறாலுக்கு நோய் வந்து, கம்பெனி பம்புகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது. குட்டைகள் அப்படியே இருக்கின்றன. அந்த மண் என் மேசைக்கு ஒருமுறை வந்தது. இப்போதைக்கு நெல் வராது என்று எழுதிக் கொடுத்தேன். அஞ்சம்மா திருப்பூரில் மகளோடு இருக்கிறார். சகோதரர் அந்த ‘இன்னொரு நாள்’ வரவில்லை.

போன மாதம் மன்னார்குடிக்கு ஒரு வேலையாகப் போனேன். கடை அதே இடத்தில் இருக்கிறது. பலகை புதிது. அண்ணி மெலிந்திருந்தார். சங்கராக் குழம்பு ஊற்றிவிட்டுப் பக்கத்தில் நின்றார். இப்போது யார் உப்புப் பார்க்கிறார்கள் என்று கேட்டேன்.

“யாரும் இல்ல. கையளவுல போட்டுருவேன். யாரும் ஒண்ணும் சொல்றதில்ல.”

நான் சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையை ஒருபக்கம் ஆட்டினேன்.